துரை பேசின ஜெர்மன்

என் தங்கச்சி புருஷனுக்கு நான் வெச்ச பேரு துரை. வாய்விட்டுக் கூப்பிடறது மாப்பிள்ளைன்னுதான், மனசுக்குள்ள துரை. மூணு வருஷம் முந்தி வரைக்கும் எங்க தெருமுனைக் கடையில செல்போனுக்கு உறை மாட்டிக் கொடுத்துட்டு இருந்த ஆளு. விமானத்துல ஏறி இறங்கின மறுநாளே அங்கேர்ந்து போன்ல "இங்கெல்லாம் அப்படி இல்லைங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. எங்கம்மா முட்டி வலிக்குதுன்னாங்க. இங்கெல்லாம் யாருக்கும் முட்டி வலிக்காதுங்க, எல்லாரும் நடப்பாங்கன்னாரு. இங்க ஒரே மழைன்னாங்க. இங்கெல்லாம் மழை சொல்லிட்டுத்தான் வருங்கன்னாரு. ஜெர்மன் பேசற ஊர்ல போய் உக்காந்துட்டா மேகம் கூட இவர்கிட்ட கேட்டுட்டுத்தான் பெய்யும் போல!

கல்யாணமாகி ஆறு மாசத்துல போனவரு. என் தங்கச்சி மாமியார் வீட்டுலயே தங்கிட்டா. அவளையும் கூட்டிக்கணும்னா அவ ஜெர்மன் தொடக்கநிலைத் தேர்வுல பாஸாகணும். படிக்கறது, எழுதறது, கேக்கறது, பேசறதுன்னு நாலு பகுதி. படிக்கறதும் எழுதறதும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கேக்கறதும் பேசறதும்தான் காலை வாரி விட்டுச்சு. ரெண்டு தடவை போனா, ரெண்டு தடவையும் அவுட்டு.

ரெண்டாவது தடவை தோத்தப்போ துரை போன்ல, "அடுத்ததும் போச்சுன்னா மேற்கொண்டு என்ன செய்யறதுன்னு யோசிக்கணும்"னாரு. அது அவங்கம்மா வாய்க்கு வர்றதுக்குள்ள வளர்ந்துடுச்சு. "ஒரு பொண்ணு அந்த பாஷையில ரெண்டு பரீட்சை பாஸ் பண்ணிட்டுத் தயாரா உக்காந்திருக்காளாம்"னு அந்தம்மா சொன்னாங்க. யார்கிட்ட? பக்கத்து வீட்டம்மாகிட்ட. எப்போ? என் தங்கச்சி அவங்க சாப்பிட்ட தட்டை எடுத்துட்டு இருக்கும்போது. அவ என்கிட்ட வந்து சொன்னப்போ அழவே இல்ல. "மூணாவது தடவை பாஸாகலேன்னா என்னை அனுப்பிடுவாங்கக்கா"ன்னு மட்டும் சொன்னா.

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தட்டை எடுத்து எங்கே அடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.

நான் செய்யற வேலையைச் சொல்லிடறேன். ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துல இருக்கேன். கூடம்னா பெரிசா நினைக்காதீங்க, ஒரு அறை, ஒரு மைக், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் என் கம்ப்யூட்டரும். கடைக்கு விளம்பரம், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு, லிஃப்டுக்குள்ள பேசற குரல் எல்லாம் எங்க சரக்குதான். யாராவது பேசினதுல மூச்சு, செருமல், நாற்காலி முனகறது எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு, மனுஷன் பேசின மாதிரியே இல்லாம சுத்தமா கொடுக்கறது என் வேலை. படிப்புன்னு பெரிசா இல்ல. ஜெர்மன் சுத்தமா தெரியாது. ஆனா காது இருக்கு.

"தேர்வுல என்னதான் நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லு"ன்னு தங்கச்சியை உக்கார வெச்சுக் கேட்டேன்.

"பேர் கேட்டாங்க, சொன்னேன். அப்புறம் தேர்வெடுத்த அம்மா தொண்டையைச் செருமினாங்க. நான் வீட்டு விலாசத்தைச் சொன்னேன்."

"விலாசம் கேட்டாங்களா?"

"இல்ல. எதுவும் கேக்கல. செருமினாங்க."

"செருமினா எதுக்குடி விலாசம் சொல்றே?"

அவ போனை எடுத்துத் துரை அனுப்பின பாடத்தைப் போட்டா. துரைதான் அவளுக்கு வாத்தியார். வகுப்புக்குப் போகக்கூடாது, பணம் தண்டம். புத்தகத்தோட வர்ற ஒலிப்பதிவைக் கேக்கக்கூடாது, அவனுங்க வேகமா பேசுவானுங்க, உனக்குக் குழம்பும். "என் குரலை மட்டும் கேளு. இங்கயே இருக்கறவன் நான்"னு உத்தரவு. கேட்டேன். துரை கர்ர்க்னு செருமறாரு, ஒரு கேள்வி படிக்கறாரு, கொஞ்சம் இடைவெளி, பதிலும் அவரே படிக்கறாரு. மறுபடி கர்ர்க், அடுத்த கேள்வி. எல்லாப் பாடமும் இதே வரிசை. பேர், கர்ர்க், விலாசம், கர்ர்க், வயசு, கர்ர்க், பொழுதுபோக்கு. ராத்திரி பகலா இதையே கேட்டுக் கேட்டு, என் தங்கச்சிக்குக் கேள்வியே தேவையில்லாம போச்சு. செருமினா போதும், அடுத்த பதில் வாயில தயாரா நிக்கும். தேர்வெடுக்க வந்த அம்மாவுக்கு அன்னிக்குன்னு பார்த்துத் தொண்டை கட்டியிருக்கு. பாவம், அவங்க ஒவ்வொரு தடவை செருமவும் இவ வயசைச் சொல்லியிருக்கா, நீச்சல் பிடிக்கும்னு சொல்லியிருக்கா.

சிரிக்கறதா அழறதான்னு தெரியல. "வாத்தியாரா இவன்? இவன் தொண்டையில இடி விழ!"ன்னேன்.

"அக்கா!"

"என்ன அக்கா? நான் வெட்டிக் குப்பையில போடற சத்தத்தை வெச்சு உனக்குப் பாடம் நடத்தியிருக்கான் அந்த ஆளு. இனிமே அவர் பாடத்தை நீ தொடக்கூடாது. மதியம் கூடம் காலியாத்தான் இருக்கும். இங்க வா. மாமியார்கிட்ட எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு, என்னமோ சொல்லு."

வந்தா. முதல்ல புத்தகத்தோட ஒலிப்பதிவை எடுத்து, கேள்வியை எல்லாம் தனித்தனியா வெட்டி, சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டேன். பேருக்கு அப்புறம் என்ன வரும்னு எனக்கே தெரியாது. முதல் நாள் திணறிட்டா. ரெண்டாம் நாளும் திணறினா. ஆனா அந்தக் குரலுங்க ரொம்ப நல்ல பிள்ளைங்களா பேசுச்சு, அவசரமே இல்ல. தெருவுல எவன் அப்படிப் பேசறான்? எனக்கு நிஜமான சத்தம் வேணும். கடை, பஸ்ஸு, வேலை செய்யற இடம். அப்பத்தான் துரையோட குரல் செய்திகள் ஞாபகம் வந்துச்சு.

பாடம் தவிர, துரை தினமும் அவளுக்குக் குரல் செய்தி அனுப்புவாரு. எல்லாம் திட்டுதான். நடந்துக்கிட்டே திட்டுவாரு, கடையில வரிசையில நின்னுக்கிட்டே திட்டுவாரு. "உன் மண்டையில களிமண்ணா? சின்னக் குழந்தை கூட பேசுது இங்க!" நடுவுல கடைக்காரப் பொண்ணு ஏதாவது கேட்டா, பதிவை நிறுத்தாமலே அவகிட்ட ஜெர்மன்ல பதில் சொல்லிட்டு, உடனே நம்ம பக்கம் திரும்பி, "கேட்டியா? எப்படிப் பேசறேன் பாத்தியா?"ம்பாரு. அந்தச் செய்திகளை அவங்கம்மா தனியா சேர்த்து வெச்சிருக்காங்க. வீட்டுக்கு வர்றவங்களுக்கு எல்லாம் போட்டுக் காட்டுவாங்க. எனக்கும் போட்டுக் காட்டினாங்க. நானும் வாயை மூடிக்கிட்டுத் தலையாட்டினேன். வேற வழி?

தங்கச்சி போன்லேர்ந்து அதையெல்லாம் எடுத்து, துரை திட்டற இடத்தை எல்லாம் வெட்டித் தள்ளினேன். அந்த வேலையை எவ்வளவு சந்தோஷமா செஞ்சேன்னு சொல்லி முடியாது. அந்த ஊர்க்காரங்க பேசினதையும் துரை பதில் சொன்னதையும் மட்டும் வெச்சுக்கிட்டேன். என் கம்ப்யூட்டர்ல குரல் எல்லாம் மேடு பள்ளமா கோடு போட்டுத் தெரியும். கடைக்காரப் பொண்ணு பேசினதெல்லாம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உருவம், ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. துரை பேசினது? எங்க பார்த்தாலும் ரெண்டு சின்ன மேடு. பஸ்ஸுல ரெண்டு மேடு. கடையில ரெண்டு மேடு. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தேன், அச்சுல வார்த்த மாதிரி அப்படியே பொருந்துது.

"யா யா."

அவ்வளவுதான். "ஆமா ஆமா". மூணு வருஷமா வந்த அத்தனை செய்தியிலயும் துரை பேசின ஜெர்மன் மொத்தமும் அதுதான். எப்பவாவது கடைசியில ஒரு "சூப்பர்".

மறுநாள் தங்கச்சி வந்ததும் காதுல மாட்டி விட்டேன். "இந்தப் பொண்ணு என்ன கேக்கறா?"

கண்ணை மூடிக் கேட்டா. மறுபடி போடச் சொன்னா. "பை வேணுமான்னு கேக்கறா."

"மாப்பிள்ளை?"

"ஆமா ஆமாங்கறார்."

"சரி, அது நியாயம். அடுத்தது?"

"ரொக்கமா, கார்டான்னு கேக்கறா." கொஞ்சம் நிறுத்தினா. "ஆமா ஆமாங்கறார்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அடுத்ததைப் போட்டேன். மாடிப்படியில ஒரு கிழவர் குரல், ரொம்ப மரியாதையா, நிதானமா. நீங்க எந்த நாட்டுலேர்ந்து வந்திருக்கீங்கன்னு கேக்கறாராம். ஆமா ஆமா! அய்யோ, நான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சேன். இந்த லட்சணத்துல என் தங்கச்சி மண்டையில களிமண்ணாம்! பெரிய துரை, பேச வந்துட்டாரு!

தங்கச்சி சிரிக்கல. "அடுத்தது போடுக்கா"ன்னா.

அடுத்தது அவர் வேலை செய்யற கிடங்கு. சாமான் வண்டி உருளற சத்தம். ஊருக்கெல்லாம் மேலாளர்னு சொல்லி வெச்சிருந்தாரு. கிடங்குல பெட்டி தூக்கறது ஒண்ணும் கேவலம் இல்ல, நானும்தான் அடுத்தவன் செருமலை வெட்டிச் சாப்பிடறேன். பொய் சொன்னதுதான் கேவலம். ஒரு ஆள் கத்திக் கேக்கறான், துரை யா யாங்கறாரு. அவன் மறுபடி கேக்கறான், மறுபடி யா யா. அப்புறம் வேற யாரோ ரெண்டு வார்த்தை சொல்ல, நாலஞ்சு பேர் சேர்ந்து சிரிக்கறாங்க. துரையும் கூடச் சிரிக்கறாரு. சிரிச்சுட்டு நம்ம பக்கம் திரும்பி, "கேட்டியா? இங்க எல்லாரும் எனக்கு தோஸ்து"ங்கறாரு.

"என்ன கேட்டான்?"

"நீ இதை எப்ப முடிப்பேன்னு கேட்டான்." காதுலேர்ந்து கழட்டி மேசை மேல வெச்சா. "இன்னொருத்தன், இவனுக்கு ஒண்ணும் புரியாதுன்னு சொன்னான். அவரைப் பார்த்துத்தான் சிரிக்கறாங்கக்கா. அவருக்கு அது கூடத் தெரியல."

"நல்லா சிரிக்கட்டும். உன்னைப் பார்த்து எத்தனை பேரைச் சிரிக்க வெச்சான் அந்த ஆளு!"

அவ கண் நிறைஞ்சு போச்சு. எனக்குப் பொறுக்கல. தோத்து வந்தப்போ அழல, துரத்திடுவாங்கன்னு சொன்னப்போ அழல, இந்த வெத்து வேட்டுக்காகவா அழறே? சத்தம் போட்டேன். அவ மூக்கைத் துடைச்சுட்டு, "இதுல அவர் பேசறதை மட்டும் எடுத்துட முடியுமா?"ன்னு கேட்டா.

"எடுத்துட்டு?"

"அந்த இடத்துல நான் பேசறேன்."

அடேயப்பா! காது எனக்குன்னு பார்த்தா மூளை அவளுக்கு. எல்லா "யா யா"வையும் பிடுங்கி எறிஞ்சேன். அந்த இடத்துல இடைவெளி விட்டேன், முதல்ல தாராளமா, போகப் போகக் குறைச்சு. வரிசையில பின்னாடி நாலு பேர் நின்னா கடைக்காரப் பொண்ணு காத்துக்கிட்டா இருப்பா? பை வேணாம், நன்றி. கார்டுங்க. கிழவருக்கு நம்ம நாட்டைப் பத்தி ரெண்டு வாக்கியம். இவ பேசினதைப் பதிவு பண்ணி, அந்த இடைவெளியில ஒட்டி, அவளையே கேக்க வெச்சேன். அவ குரலை அவளுக்கே பிடிக்கல, காதைப் பொத்திக்கிட்டா. "கடைசி எழுத்தை எல்லாம் முழுங்கறே பாரு, மாமியார் வீட்டுல பயந்து பயந்து பேசி இப்படி ஆகியிருக்கு. வெளிய துப்பு!"ன்னேன். மறுபடி பேசினா. மறுபடி ஒட்டினேன்.

தேர்வு நெருங்கறதுக்குள்ள, அந்தக் கடைக்காரப் பொண்ணும் என் தங்கச்சியும் தினமும் பார்த்துப் பேசிக்கற மாதிரி ஆயிடுச்சு. "அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு ஜலதோஷம் போல"ம்பா. கிடங்குல கத்தின ஆளுக்குக் கூட பதில் சொல்லிட்டா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன், நீங்க கத்த வேணாம்னு.

மூணாவது தடவை போனா. தேர்வெடுத்தவர் நடுவுல செருமினாராம். இவ பேசாம கேள்விக்காகக் காத்திருந்தாளாம். பாஸ்! கேக்கறது, பேசறது ரெண்டும் மத்த ரெண்டை விட நல்ல மார்க்கு. நான் கூடத்துல நின்னு கூவின கூவல்ல பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்துட்டாரு.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாமியார் வீட்டுக்குப் போனோம். அந்தம்மா, அவங்க தம்பி, பக்கத்து வீட்டம்மா, எங்கம்மா, நான். போனை ஸ்பீக்கர்ல போட்டு நடு மேசையில வெச்சிருந்தாங்க. துரைக்கு விஷயத்தைச் சொன்னோம்.

"பாஸா?" அப்படின்னாரு. "சரி சரி. அதெல்லாம் அதிர்ஷ்டம். பரீட்சை வேற, வாழ்க்கை வேற. இங்கெல்லாம் வந்து பேசிப் பார்த்தாத்தான் தெரியும். அவசரப்பட வேணாம், ஒரு வருஷம் போகட்டும்."

ஒரு வருஷமாம்! நான் வாயைத் திறக்கப் போனேன், எங்கம்மா என் கையைப் பிடிச்சு அழுத்தினாங்க. பேசினது சம்பந்தியம்மாதான், பெருமை பொங்க. "ஏன்டா, இவளும்தான் படிச்சுட்டாளே. ரெண்டு பேரும் கொஞ்சம் பேசுங்களேன். எல்லாரும் கேக்கட்டும்."

"இப்ப எதுக்கும்மா? லைன் வேற சரியில்ல."

"நல்லாத்தான்டா கேக்குது. பேசு."

என் தங்கச்சி நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டு உக்காந்தா. ஜெர்மன்ல ஒரு கேள்வி கேட்டா. ஆயிரம் தடவை நானே வெட்டி ஒட்டின கேள்வி, எனக்கே புரிஞ்சுது. அங்க இப்ப மணி என்ன?

"யா யா"ன்னாரு துரை.

பக்கத்து வீட்டம்மா, "அடா அடா"ன்னாங்க. இவ அடுத்ததைக் கேட்டா. அதுவும் எனக்குத் தெரிஞ்சதுதான். வீட்டுல எத்தனை அறை?

"யா யா!" இந்தத் தடவை இன்னும் தெம்பா.

"பாருங்க, தண்ணியா பேசறான்"னு அவங்கம்மா தன் தம்பி தொடையைத் தட்டினாங்க. நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். மூணாவதா என் தங்கச்சி கேட்டது எனக்குப் புரியல. புத்தகத்துலயும் இல்ல, கடையிலயும் இல்ல. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, கடைசி எழுத்தை முழுங்காம கேட்டா.

"யா யா! சூப்பர்!"ன்னாரு துரை.

எல்லாரும் சிரிச்சாங்க, சந்தோஷத்துல. என் தங்கச்சி மட்டும் போனையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் தமிழ்ல, ரொம்பப் பணிவா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசினா. "பதில் சொன்னதுக்கு நன்றிங்க. என்னைக் கூப்பிட்டுக்கற மனுவை நாளைக்கே கொடுத்துடுங்க. கொடுக்கலேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை இதே மூணு கேள்வியையும் தமிழ்ல கேக்கறேன்."

போன்லேர்ந்து கர்ர்க்னு ஒரு செருமல் வந்துச்சு. என் தங்கச்சி வாயைத் திறக்கல. கையைக் கட்டிக்கிட்டுக் காத்திருந்தா.

"சரி"ன்னாரு துரை. "நாளைக்குக் கொடுத்துடறேன்."

"என்னடி கேட்டே அவனை?"ன்னு மாமியார் அவ தோளைத் தொட்டாங்க.

"வீட்டைப் பத்தித்தான் அத்தை"ன்னு எழுந்து உள்ள போயிட்டா.

அத்தனை பேர் முன்னாடி அந்த ஆளோட முகமூடியைக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கலாம், கையில கிடைச்சதை விட்டுட்டாளே! எங்களை வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் வந்தா. எங்கம்மாவை முன்னால நடக்க விட்டுட்டு, அவளைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"ஏன்டி சொல்லல?"

"அந்தம்மா அவ்வளவு சந்தோஷமா உக்காந்திருந்தாங்க. சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குப் போகணும்கா. அவ்வளவுதான்."

"அந்த ஆள் கூட வாழறதுக்கா?"

"அது அங்க போய்ப் பார்த்துக்கறேன். பேசத் தெரியுமில்ல இப்ப."

"சரி, மூணாவதா என்ன கேட்டே? அதையாவது சொல்லு."

அவ திரும்பி, வந்த வீட்டை ஒரு தடவை பார்த்தா.

"நான் அங்க வர்றது உங்களுக்குப் பயமா இருக்கான்னு கேட்டேன்."

எனக்குச் சட்டுனு சிரிப்பு வந்துச்சு. "அடப்பாவி! மூணு வருஷத்துல அந்த ஆளு மொத தடவையா ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லிட்டானே!"

"ஆமாக்கா"ன்னா. "சொன்னதுதான் அவருக்கே தெரியல."